ஜன்னலைப் பார்த்த நாற்காலி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. என் தங்கை சாப்பிடும்போது சொன்னது. அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. நான் கதை எழுதுகிறவள் என்பதால், அவள் வாயைத் திறந்தாலே என் காது நீளும்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘வகுப்பறை என்பது ஓர் ஆசிரியரின் மனதை…’

(அடித்துவிட்டேன். கட்டுரை வாடை.)

2

நடந்தது இதுதான். சேர்ந்த வாரமே அவள் வரிசைகளைக் கலைத்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். படித்த காலமெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியர்களுக்குத் தன் பெயர்கூடத் தெரியாமல் வளர்ந்தவள் அவள். தன் வகுப்பில் கடைசி வரிசையே கூடாது என்று முடிவுகட்டியிருந்தாள். தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்து, நாற்காலிப் போட்டியா, பாட்டு எப்போது போடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், ஒருத்தியைத் தவிர. பேச்சு திக்கும் சிறுமி அவள். வட்டம் வந்த பிறகு பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

(அவளுக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், வேண்டாம் என்றாள் தங்கை.)

3

தங்கை அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனாள். வயிற்றுவலி என்று அம்மா சமாளித்தார். சிறுமி கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசினாள்.

“டீச்சர், எ… எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க.”

தன்னை மறைத்துவைத்த அதே கடைசி வரிசைதான் இவளைக் காப்பாற்றிவந்தது என்று தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீ எங்க உக்காரணும்னு நீயே சொல்லும்மா,” என்றாள்.

மறுநாள் சிறுமி வந்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்து, எல்லோருக்கும் முதுகு காட்டிப் போட்டுக்கொண்டாள். தங்கை அப்படியே பாடத்தைத் தொடங்கினாள்.

4

என் முதல் வரைவில் அந்தச் சிறுமி வட்டத்தின் நடுவில் நின்று தங்குதடையின்றிப் படித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தங்கை அதைப் படித்துவிட்டுத் தாளை மடக்கினாள்.

“அக்கா, அவ இன்னும் திக்கித்தான் பேசுறா. அதை ஏன் நீ சரிபண்ற?”

எனக்குச் சுருக்கென்றது.

உண்மையில், பாடம் படிக்கத் தன் முறை வந்தபோது சிறுமி ஜன்னலைப் பார்த்தபடியே படித்தாள். ஒரு சொல்லில் வெகுநேரம் நின்றாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. யாரும் திரும்பவில்லை. அவளே அந்தச் சொல்லைத் தாண்டிப் போனாள்.

5

இனி அவள் நாற்காலியைத் திருப்பிப் போடுவாளா? இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டும் அழகாக இருக்கின்றன, அதுதான் எனக்குச் சந்தேகம். ஆகவே நாற்காலியை அவள் போட்ட இடத்திலேயே விடுகிறேன். நீங்கள் வேண்டுமானால் வகுப்புக்குள்ளே வந்து வட்டத்தில் எங்களோடு உட்காருங்கள். அவள் படிக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள்.