பட்டன் மட்டும்தான் பாக்கி

அந்தத் தையல்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால், அவர் மனைவிகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். ஊருக்கு அவர் ‘நாளைக்கு மாஸ்டர்’. கை என்னவோ தங்கமான கை. அவர் தைத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தாலும் ஒரு சுருக்கம் விழாது. ஆனால் அந்தப் பேண்ட் கைக்கு வந்து சேர்வதற்குள், போட வேண்டியவருக்கு இடுப்பு இரண்டு அங்குலம் பெருத்திருக்கும்.

கேட்டு வருகிறவர்களைச் சமாளிக்க மாஸ்டர் ஒரு வித்தை வைத்திருந்தார். துணி வந்த அன்றைக்கே, கத்தரி படுவதற்கு முன்னாலேயே, அதில் ஒரே ஒரு பட்டனைத் தைத்து மடித்து வைத்துவிடுவார். ஆள் வந்து சத்தம் போட்டால், மடிப்பைக் கலைக்காமல் பட்டன் மட்டும் தெரிகிற மாதிரி எட்ட நின்று காட்டுவார்.

“எல்லாம் முடிஞ்சுது சார். பட்டன் மட்டும்தான் பாக்கி. அதுலயும் ஒண்ணு வச்சாச்சு, பாருங்க! நாளைக்கு வந்து வாங்கிக்குங்க.”

வந்தவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். இருபது வருஷமாக ஒற்றைப் பட்டனை வைத்தே மனுஷன் ஊருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார், அடேயப்பா!

கடை இத்தனை நாள் நிலைத்து நின்றதென்றால் அது அவர் மனைவியால்தான். துணியை வாங்கி, சீட்டு எழுதி, தேதி போட்டு, பாதியைக் கிழித்து ஆளிடம் கொடுத்துவிட்டு மறுபாதியைத் துணியில் குத்தி வைப்பது அவள் வேலை. கிழிந்த கோட்டின் கிழிசல் இருந்த இடமே தெரியாமல் கணவர் இழை சேர்ப்பதை ஒருநாள் விளையாட்டாகப் போனில் படம் பிடித்துக் கடையின் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்துப் போட்டாள். போட்டதுதான் தாமதம், அடுத்த தெருவுக்கே தெரியாத கடைக்கு எங்கெங்கிருந்தோ பார்சலில் துணி வர ஆரம்பித்தது. அலமாரி பிதுங்கியது. பட்டன் டப்பா காலியானது.

இப்படி இருக்கையில்தான் ஒரு மழைநாளில் வாசல் சாக்கடை பொங்கிக் கடைக்குள் வந்தது. கீழ்த்தட்டுத் துணியெல்லாம் நனைந்து சேறாயிற்று. அவள் கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே போனைத் திருப்பிப் பேசினாள்: “ஆறு வருஷமா நம்ம வார்டு உறுப்பினர் ‘அடுத்த மாசம் சரி பண்றேன்’னு சொல்றாரு. இந்தத் தண்ணிக்குத்தான் அது வரைக்கும் பொறுமை இல்ல போல.”

அந்த வீடியோவை வார்டு முழுக்க ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டார்கள். வார்டு தேர்தலுக்கு நாள் குறித்திருந்த நேரம்; வீடியோவுக்குக் கீழே ஒரே பேச்சு: “நீங்களே நில்லுங்கக்கா!” எதிர்த்து நிற்கும் வார்டு உறுப்பினருக்கு ஒலிபெருக்கி கட்டிய மூன்று வண்டி, சுவரெல்லாம் சிரித்த முகம். இவளுக்கு இருந்தது மூலையில் விரிசல் விட்ட ஒரு போன். நின்றுவிட்டாள். கடையின் இணையப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வாக்குறுதியும் போட்டாள்: “சொன்ன வேலையைச் சொன்ன தேதிக்கு முடிப்பேன்.”

அதைப் படித்த மாஸ்டர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“வேற ஏதாவது போட்டிருக்கலாமேம்மா?”

“ஏன், இதுக்கென்ன குறைச்சல்?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கொழுந்தியாள் அக்காவுக்கு ஒத்தாசையாக வந்து உட்கார்ந்திருந்தாள். போனைப் பார்த்தவள் குரலை ஏற்றினாள்.

“அக்கா, முதல் கமெண்ட் வந்திருச்சு. ‘உங்க வாக்குறுதி அருமை. என் பேண்ட் எங்கே?’ சீட்டைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்காரு. போன வருஷத் தேதி.”

அதோடு விட்டதா? சாயங்காலத்துக்குள் முப்பது சீட்டு. என் சட்டை எங்கே, என் மகன் பள்ளிக்கூடச் சீருடை எங்கே, அவன் காலேஜே முடிச்சிட்டான் என்று ஆளுக்கொரு படம். வார்டு உறுப்பினரின் ஆட்கள் அத்தனையையும் ஒன்றாகக் கோத்துப் போட்டார்கள்: “வீட்டுக்காரரை வேலை வாங்கத் தெரியாதவர் வார்டை வேலை வாங்குவாராம்!”

அவள் திட்டியிருந்தால் மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“விலகிக்கிறேன்னு எழுதிப் போட்டுடட்டுமா?”

“அப்படியெல்லாம் எதுக்கும்மா...”

“எனக்கு இது வேணுங்க. இத்தனை வருஷத்துல உங்ககிட்ட எனக்கு இது வேணும்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன் சொல்லுங்க? இது வேணும்.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மாஸ்டருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. “நாளைக்கே...” என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். “இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்மா.”

அவள் உடனே எழுந்து போனை எடுத்தாள். ஓட்டுப்போடும் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் பாக்கியுள்ள அறுபத்தோரு துணியும் தைத்துக் கொடுக்கப்படும், தைப்பதை எல்லோரும் நேரலையில் பார்க்கலாம் என்று எழுதினாள்.

“அறுபதுதான்மா. இப்பதான் எண்ணினேன்.”

“அறுபத்தொண்ணு.”

“அலமாரி முழுக்க எண்ணிட்டேன், அறுபது.”

“அறுபத்தொண்ணுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் பதிவைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பழைய நூல்கண்டு டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள். முதல் துணியை எடுத்து உதறினார் மாஸ்டர். வெட்டாத முழுத் துணி, நட்டநடுவே ஒரு பட்டன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பொரிந்து தள்ளினார்கள். கொழுந்தியாள் கமெண்ட்டுகளை ஒன்று விடாமல் சத்தமாக வாசித்தாள்.

“‘அடப்பாவி மனுஷா! இதைக் காட்டித்தானே என்னை ஏழு தடவை திருப்பி அனுப்பினே?’ இன்னொருத்தர், ‘எனக்குக் காட்டினதும் இதே பட்டன்தான்’ங்கிறாரு. மாமா, உங்களுக்கு ரசிகர்கள் ஜாஸ்தி.”

மாஸ்டர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே பட்டனை வெட்டி எடுத்தார். அப்புறம் கத்தரியைக் கையில் எடுத்தார். அந்தக் கை வேலை செய்ய ஆரம்பித்ததும் திட்டுவது தன்னால் குறைந்தது. கழுத்துப்பட்டி திரும்புகிற இடத்தில் ஒருவர் “ஆஹா” என்றார். ஆனால் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ குடிக்க எழுந்தால் போதும், “மாஸ்டர் எங்கே கிளம்பிட்டார்?” என்று நாற்பது பேர் கேட்டார்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட மயக்கத்தில் கண் செருகியபோது, எங்கோ இருந்த ஒரு புண்ணியவதி கடைக்குப் போன் போட்டு எழுப்பினாள். தினம் ஐந்தாறு துணி. தைத்ததை வாங்க வந்தவர்கள் சீட்டை நீட்டி, துணியோடு நின்று படம் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். “தேதிக்கு முன்னாடியே கிடைச்சுது, சத்தியமா!” என்று சிலர் எழுதினார்கள். அதே ஆட்கள் சாக்கடையைப் பற்றியும் எழுத ஆரம்பித்தார்கள். அவளுக்கு வண்டியும் வேண்டியிருக்கவில்லை, சுவரும் வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அலமாரி மூலையிலிருந்து வந்தது வார்டு உறுப்பினரின் கோட்டு. போன தடவை பதவி ஏற்கும்போது போடக் கொடுத்தது.

“அதைத் தைக்காதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா,” என்றாள் கொழுந்தியாள்.

“தைங்க,” என்றாள் மனைவி. “அவரும் இந்த வார்டுதானே?”

மறுநாள் அவருடைய டிரைவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப்போனதை ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை அலமாரி காலி. வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி, “அறுபதும் ஆச்சு!” என்றார் போனைப் பார்த்து.

“அறுபத்தொண்ணு,” என்றாள் மனைவி. “மெஷினுக்கு மேலே பரண்ல இருக்கிற பெட்டியைத் திறங்க.”

திறந்தார். துண்டுத்துணிகளுக்கு அடியில் கரும்பச்சை நிறத்தில் கனமான துணி ஒன்று மடிந்திருந்தது. குத்தியிருந்த சீட்டு மஞ்சளாகிவிட்டிருந்தது. பெண்கள் கோட்டு, உள்பாக்கெட் இரண்டு. தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. எழுத்து அவளுடையது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘நான்தான்’ என்று எழுதியிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு ஓர் அலுவலகத்தில் கணக்கர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. நல்லதாக ஒரு கோட்டு வேண்டும் என்று அவளே துணி வாங்கி வந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றார். அந்த நாளும் வந்தது, போனது. “போகலையா?” என்று கேட்டதற்கு, “அது கிடைக்காதுங்க” என்று சொல்லிவிட்டுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தவள்தான்.

துணியை விரித்தார். நடுவே ஒரு பட்டன்.

அவளுக்குமா வைத்தேன்! மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பட்டனை வெட்டப் போனவர் கத்தரியைக் கீழே வைத்தார். “என்னாச்சு மாஸ்டர்?” என்று கேட்டுக் கமெண்ட்டுகள் வரிவரியாக ஓடின. கொழுந்தியாள் முதல்முறையாக எதையும் வாசிக்கவில்லை.

“அளவு எடுக்கணும்மா,” என்றார். “சீட்டுல இருக்கிறது பழசு.”

அவள் வந்து நின்றாள். இடுப்பில் டேப்பைச் சுற்றிவிட்டு வழக்கம்போல அளவைச் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தார்.

“சொன்னீங்கன்னா கொன்னுடுவேன்,” என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். மாஸ்டர் அழுதுகொண்டே எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் டீக்கு எழவில்லை. பொழுது சாய்வதற்குள் கோட்டு முடிந்தது. உள்பாக்கெட் இரண்டு, பட்டன் ஐந்து. மறுநாள் அவள் அதைப் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டாள். பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். தோற்றவர் புதுக் கோட்டில் வந்து கை கொடுத்தார். தையல் பிரமாதம் என்று மாஸ்டரிடம் தனியாக ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

சாக்கடை வேலை அந்த மாதமே ஆரம்பமானது. தோண்டினார்கள், கட்டினார்கள், அப்புறம் அப்படியே நின்றது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. திறந்து கிடந்த சாக்கடையைத் தெருக்காரர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் கால் இடறி விழப் பார்த்துவிட்டு நேரே கடைவாசலுக்கு வந்தார்.

“என்னக்கா, எப்ப முடியும்?”

அவள் வார்டு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பச்சைக் கோட்டின் பட்டனைப் போட்டபடியே சொன்னாள்: “முடிஞ்ச மாதிரிதாங்க. மூடி மட்டும்தான் பாக்கி. நம்ம வாசல்ல ஒண்ணு போட்டாச்சு, பாருங்க.”

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

மாஸ்டர் எழுந்து வந்தார். கையில் சீட்டுப் புத்தகம். மறுகையால் போனை எடுத்து நூல்கண்டு டப்பாவின்மேல் சாய்த்து நேரலையைத் தட்டிவிட்டார். புத்தகத்தைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

“இதுல தேதியைப் போடும்மா,” என்றார். “பாதியைக் கிழிச்சு அவர்கிட்ட கொடுத்துடு.”