ததும்பிய கிண்ணம்

பனி மூடிய மலைமுடிகள் முதல் ஒளியை ஏந்தி மெல்லச் சிவக்க, இலையுதிர்த்த முசுக்கொட்டை மரங்கள் வாய்க்காலின் இருகரையிலும் காவலரைப்போல் விறைத்து நிற்க, வீடுதோறும் களிமண் அடுப்பிலிருந்து எழுந்த ரொட்டி மணம் தெருவின் குளிரைத் துளைத்துச் செல்ல, பெர்கானாப் பள்ளத்தாக்கின் அச்சிற்றூரில் காலை ஏழு மணி ஆயிற்று. எட்டுக்குப் பள்ளி மணி அடிக்கும். பள்ளிக்கு இருபது நிமிட நடை.

ஊர்த்தலைவர் ஹோல்மத்தின் வீட்டுக் கதவு விடியுமுன்னே திறந்துவிடும். வாய்க்கால் நீர்ச் சண்டையோ, மணநாள் குறித்தலோ, அவரைக் காண வருவோர் ஓயார். வந்தவர் எவராயினும் விரிப்பில் அமர்த்தி, ரொட்டியைப் பிட்டு வைத்து, பிடியற்ற சிறு கிண்ணத்தில் தேநீர் வார்த்தல் அவ்வீட்டு மகளின் கடமை. மூன்றில் ஒரு பங்கே வார்க்க வேண்டும்; குறைய வார்ப்பது ‘இன்னும் இருங்கள்’ என்னும் மதிப்பு, விளிம்புவரை நிறைப்பது ‘எழுந்து போங்கள்’ என்னும் இழிவு. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் ஓய்தின் இதை எழுத்தறியுமுன்னே அறிந்தவள். எழுத்துத்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. பள்ளியில் முதல் பாடவேளை வாசிப்பு. அவ்வேளையில் அவள் வீட்டில் தேநீர் வார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதம் மட்டும் பதினொரு நாள்.

அன்று வாசிப்புத் தேர்வு. தவறினால் மறுநாள் முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர வேண்டும். அதைச் சொல்லி, அவளைக் கையோடு அழைத்துப் போகவே ஆசிரியை ரானோ வாசலில் வந்து நின்றாள்.

“உள்ள வரல. பிள்ளைய அனுப்புங்க, போறோம்.”

“வந்த காலோட போறதா? ஒரு வாய் டீ குடிக்காம அனுப்பினா ஊரு என்னைக் காறித் துப்பும் டீச்சர்,” என்று தாய் முனவ்வர் அவள் கையைப் பற்றி இழுத்தாள்.

ரானோ அமர்ந்தாள். ஹோல்மத் எதிரே அமர்ந்து தாடியை நீவினார்.

“பள்ளிக்கூட விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு டீச்சர். புள்ளைங்க நேரத்துக்குப் போகணும்னு தெருத்தெருவா சொல்லிட்டிருக்கேன். போன வாரம்கூட நம்ம தச்சன் மகன் என்ன பண்ணான் தெரியுமா…”

தச்சன் மகனின் கதை ஒரு முழு ரொட்டியைத் தின்று, அவன் பாட்டன் காலத்துக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது. ஆசிரியை இருமுறை எழ முயன்றாள். இருமுறையும் முனவ்வர், “அட, உக்காருங்க,” என்று உலர்திராட்சைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சுவர்க் கடிகாரம் ஏழு நாற்பது காட்டியது. ஓய்தின் ஐந்தாம் முறையாகக் குடுவையைச் சாய்த்தாள். மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று, கை நிமிரவில்லை. பாதி ஆயிற்று. விளிம்பு ஆயிற்று. இடக்கையை நெஞ்சில் வைத்து, முறைப்படி வலக்கையால் கிண்ணத்தை நீட்டினாள். ததும்பிய தேநீர் விரலைச் சுட்டது, அவள் விடவில்லை.

“அடிப்பாவி! வீட்டுக்கு வந்தவங்கள விரட்டுறியா?” என்று பதறினாள் முனவ்வர்.

ஹோல்மத்தின் பேச்சு நின்றது.

“டீச்சர விரட்டலம்மா,” என்றாள் ஓய்தின். “மணியாச்சு. இன்னைக்குப் போகலன்னா குட்டிப் பசங்ககூட உக்காரணும்.”

ரானோ கிண்ணத்தை வாங்கினாள், ஊதி ஊதித் துளி மிஞ்சாமல் குடித்தாள், எழுந்தாள்.

“சரியாத்தான் ஊத்தியிருக்கா அண்ணே. நான்தான் முதல் கிண்ணத்துலயே எழுந்திருக்கணும்.”

இருவரும் ஓட்டமும் நடையுமாய்ச் சென்றனர். பள்ளி வாயிலைக் கடக்கையில் மணி அடித்தது. ஓய்தின் மூன்று சொற்களில் தடுக்கினாள். மற்றவற்றை நேராக வாசித்தாள். தன் வகுப்பிலேயே இருந்தாள்.

மறுநாட் காலை வாய்க்கால் வழக்கோடு வந்து அமர்ந்த அண்டை வீட்டுக்காரர், “எங்க, மக டீ ஊத்தலையா?” என்றார்.

“நான் ஊத்துறேன்,” என்றார் ஹோல்மத், குடுவையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு. “அவ ஊத்தினா நீங்க தாங்க மாட்டீங்க.”

அவர் மூன்றில் ஒரு பங்கு வார்த்தார். ஓய்தின் பையை மாட்டிக்கொண்டு, உள்ளிருந்தோர்க்கு வணக்கம் சொல்லி வெளியேறினாள். வருவோரை மதித்தலில் அவ்வூர் எந்நாளும் குறை வைத்ததில்லை. காலையில் வீட்டை விட்டுப் போகும் சிறுமிக்கும் அம்மதிப்பில் ஒரு பங்கு உண்டென்பதை அவ்வீடு அன்றுமுதல் ஏற்றுக்கொண்டது.