பெட்டி வைக்க ஒரு வாசல்

தண்ணீர் லாரி அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் பார்ப்பதற்கு ஒரு கூட்டமே நிற்கும். லாரியின் மேல் ஒருவன் ஏறி நின்று, தாழத் தொங்கும் மின்கம்பிகளை மூங்கில் கழியால் தூக்கிப் பிடிப்பான். டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்துவார். கடைசி வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லைன்மேன், "வலது பக்கம் ஒடிச்சு வாங்க, அந்தக் கம்பியில ஒட்டு இருக்கு" என்று குரல் கொடுப்பார். அவர் சொன்னால் டிரைவர் மறுபேச்சு பேசமாட்டார்.

லைன்மேன் என்பது பழைய வேலை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் கம்பத்தின் மேல் நின்றபோது மின்சாரம் தூக்கி எறிந்தது. அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீடு என்பது ஒரே அறை. தெருவைப் பார்த்து ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின், கதவுப் பக்கம் அவருடைய நாற்காலி. காலையில் வாசலுக்கு வந்தாரென்றால் விளக்கு வைக்கிற நேரம் வரை அங்கேதான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள்.

கம்பிகளையெல்லாம் பூமிக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்று ஆறு வருஷம் செருப்புத் தேய அலைந்தவர் தெருச் சங்கத் தலைவர். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவது அவருக்குக் கைவந்த கலை. அவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டபோது ஆளுக்கொரு சாக்கு சொன்னார்கள். யோசிக்காமல் முதல் கையெழுத்துப் போட்டவர் லைன்மேன்தான்.

ஒருவழியாக அனுமதி வந்தது. கூடவே வரைபடமும் வந்தது. கேபிள் பூமிக்குள் போனாலும், பத்து வீட்டுக்கு ஒன்றாகத் தெருவில் இரும்புப் பெட்டி வைத்தாக வேண்டும். அதிலிருந்துதான் வீடுகளுக்குக் கரண்ட் பிரியும். நெஞ்சு உயரம், பீரோ அகலம். அந்தப் பெட்டிகளில் ஒன்று தலைவரின் கேட்டை ஒட்டிக் குறிக்கப்பட்டிருந்தது. கார் எப்படித் திரும்பும், வீட்டின் முகப்பு என்னாகும் என்று அவர் மனைவி கேட்டார். தலைவருக்கும் அதே கவலைதான், மனைவி கேட்டதால் வசதியாகப் போயிற்று.

மறுநாளே என்ஜினீயரைப் போய்ப் பார்த்தார். பெட்டியை எங்கே வைத்தாலும் அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று என்ஜினீயர் அலுத்துக்கொண்டார். தலைவர் குரலைத் தணித்தார்.

"கடைசி வீட்டுல வெச்சுடுங்க. அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பள்ளம் தோண்ட ஆரம்பித்ததும், தூசி ஒத்துக்கொள்ளாது என்று தலைவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது தெருவே அடையாளம் தெரியவில்லை. கம்பம் இல்லை, கம்பி இல்லை, ரோடு புதுசாகப் பளபளத்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் மாலை பாராட்டுக் கூட்டம். அதற்கு லைன்மேனைத் தலைமை தாங்க வைக்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. நல்ல மனசுதான், இல்லையென்று சொல்ல முடியாது. அழைத்துவர அவரே நேரில் போனார்.

கதவுக்கு நேராகப் பெட்டி நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். உள்ளே சக்கர நாற்காலியில் லைன்மேன் சாம்பல் நிற இரும்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி வெளியே வைத்தார்கள் என்றும், மூட்டை மாதிரி தூக்குவது பிடிக்காமல் இவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் மனைவி சொன்னார். அவர் வெளியே வந்து இரண்டு மாதமாகிறது.

"தம்பி, இங்க வைக்கச் சொன்னது நான்தான்" என்றார் தலைவர்.

"தெரியும் சார். பள்ளம் தோண்டின அன்னிக்கே என்ஜினீயர் சொன்னார்." லைன்மேன் குரலில் கோபமே இல்லை. "கம்பி போச்சு, இனிமே எவனும் மேல இருந்து விழமாட்டான். அந்தச் சந்தோஷம் எனக்கு நிறைய இருக்கு. பெட்டியும் எங்கயாவது நிக்கத்தானே வேணும்? வைக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தலைவர் தாங்கியிருப்பார்.

லைன்மேன் இல்லாமல்தான் கூட்டம் நடந்தது. அங்கே வந்திருந்த என்ஜினீயரைத் தலைவர் ஓரமாக அழைத்து, பெட்டியைத் தன் கேட்டுக்கே மாற்றச் சொன்னார். புது ரோட்டை மூன்று வருஷத்துக்கு வெட்டக் கூடாது, அப்புறம் வேண்டுமானால் மனுக் கொடுங்கள் என்று பதில் வந்தது. அங்கேயே ஒரு தாளில் மனுவை எழுதிக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்ட என்ஜினீயர், தேதி எதுவும் சொல்லவில்லை.

தலைவரைப் பேச அழைத்தார்கள். கைதட்டல் அடங்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"கைதட்டாதீங்க. எனக்கு வர வேண்டிய கஷ்டத்தைக் கடைசி வீட்டு வாசல்ல இறக்கி வெச்சுட்டு வந்திருக்கேன். அந்த மனுஷன் ரெண்டு மாசமா வெளிய வரலை, நம்மள்ல ஒருத்தரும் அதுக்கு ஒரு வழி பார்க்கலை. ஊருக்கு நல்லதுன்னு ஒரு காரியத்தை ஆரம்பிச்சா, அதோட சுமையில நம்ம பங்கை நாமதான் சுமக்கணும். யாரு எதிர்த்துப் பேசமாட்டாங்களோ, அவங்க சம்மதத்தைத்தான் முதல்ல கேட்கணும். நான் கேட்கலை."