ஒரே சோபாவில் அத்தையும் மாமாவும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றபோது, சரிசெய்ய வந்த மெக்கானிக் பெண், உள்ளே மாட்டிக்கொண்டு வேர்த்து வழிந்த எனக்குத் தைரியம் வருவதற்காகக் கதவிடுக்கு வழியே சொன்னது. அவளுடைய கதைதான்: கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் ஒரு விபத்தில் போய்விட்டார்கள், அநாதை விடுதியில் வளர்ந்தவள்.

2

'மழை கொட்டிய ஒரு மாலையில், அந்த அநாதைப் பெண் கண்ணீருடன்...'

(அடித்துவிட்டேன். மழையும் இல்லை, கண்ணீரும் இல்லை.)

அப்பாவின் அக்காவை விசாரித்துக் கண்டுபிடித்துப் போனாள். அத்தைக்குத் தையல் கடை. இவளைப் பார்த்ததும் அத்தை அழுதாள் என்றுதான் முதலில் எழுதினேன். இல்லை, அளந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து இவள் தோளில் வைத்து, "அப்படியே என் தம்பி தோளு" என்றாள். பிறகு ஆரம்பித்தாள்: "வாயில விரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவன். உங்கம்மாதான் மயக்கி இழுத்துட்டுப் போயிட்டா!"

3

அடுத்து அம்மாவின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். "எங்கக்கா பச்ச மண்ணும்மா. உங்கப்பன் ஜகஜாலக் கில்லாடி, பேசியே கவுத்துட்டான்" என்றார் மாமா.

அப்பாவி, மாயக்காரி, பச்சை மண், கில்லாடி. 'எனக்கு மொத்தம் நாலு பேரா பெத்தவங்க?' என்று குழம்பினாள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரையும் தன் அறைக்கு வரச்சொன்னாள். அங்கே இருந்தது ஒரே சோபா.

4

ஆளுக்கொரு மூலையில் விறைப்பாக உட்கார்ந்தார்கள்.

"சுவரேறிக் குதிச்சு வந்தது இவ அம்மாதானே?" என்றாள் அத்தை.

"அந்தப் பக்கம் ஏணி பிடிச்சது யாரு? நீங்கதானே!"

"வண்டி ஓட்டினவன் நீதானே! வழி பூரா ரெண்டாவது கியர்லயே உருட்டின!"

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த ஜோடியை ஓட வைத்திருக்கிறார்கள்! வீட்டில் மாட்டாமல் இருக்க ஆளுக்கொரு பொய் சொல்லி, சொல்லிச் சொல்லி, அதைத் தாங்களே நம்பியும்விட்டார்கள்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓடிவர்ற அவசரத்துல உங்கம்மா ஜோடி மாத்திச் செருப்பு போட்டுட்டு வந்துட்டா. உங்கப்பன் சிரிச்சுட்டான். 'வண்டிய நிறுத்து, நான் வீட்டுக்குப் போறேன்'னுட்டா."

"அப்புறம்?"

"அவன் தன் செருப்பக் கழட்டி ஜன்னல் வழியா வீசிட்டான்," என்றாள் அத்தை. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வெறுங்காலோட நின்னுதான் கையெழுத்துப் போட்டான். புதுச் செருப்பு வேற!"

அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். முதன்முறையாக அவளுக்கு இரண்டே இரண்டு பேர் பெற்றவர்களாக இருந்தார்கள்.

5

(இங்கேயே முடித்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.)

"இவ்ளோ பிரியம் இருந்துச்சே, அப்புறம் என்னை ஏன் யாரும் கூட்டிட்டுப் போகல?"

மாமா அத்தையைப் பார்த்தார். "நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு..."

"நான், நீ வந்து..."

இரண்டு வாக்கியங்களையும் நான் முடித்துப் பார்த்தேன். எப்படி முடித்தாலும் அசிங்கமாக இருக்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.

அவள் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தாள். மன்னித்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். துரத்தினாள் என்று இன்னொன்று. இரண்டிலும் என் கைவரிசைதான் தெரிந்தது. அதற்குமேல் அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களை அனுப்பத் திறந்தாளா, காற்று வரட்டும் என்று திறந்தாளா?

நீங்களாக இருந்தால் எதற்குத் திறந்திருப்பீர்கள்?