பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மழை பெய்தால் கிளைடர், அந்த எஞ்சின் இல்லாத விமானம், பறக்காது. அதற்காகச் சங்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடங்கிக் கிடக்க மாட்டார்கள். கொட்டகைக்கு வந்து, பறக்கிற நாளில் பார்க்க நேரமில்லாத வேலைகளையெல்லாம் பார்ப்பார்கள். சம்பளம் கிடையாது. சும்மா இருக்க முடியாமல் கிரீஸ் பூசிக்கொள்கிற கூட்டம் என்று அவள் தன் கணவரைக் கேலி செய்ததுண்டு.

அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. கொழுந்தன் கூப்பிட்டதால் இன்று தையல் பெட்டியோடு வந்தாள். மழைக்கு அவருடைய கோட்டைப் போட்டிருந்தாள். தோள் தொங்கியது, வலது பை கனத்தது.

"வாங்க அண்ணி. உள்ள ஆள் இருக்கா, கோட்டு மட்டும் நடந்து வருதா?"

"ஆள் இருக்கு. என்ன வேலைன்னு சொல்லு தம்பி."

மஞ்சள் கிளைடர் மரத்தாங்கிகளின் மேல் நின்றது. எலும்பெல்லாம் மரம், மேல்தோல் துணி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் அவரும் சேர்ந்து தைத்துப் போர்த்திய துணி. அதன் வயிற்றில் யாரோ பென்சிலால் நீளக் கோடு போட்டிருந்தார்கள்.

"இதுல வெட்டிப் பார்க்கப் போறோம். அப்புறம் நீங்க தைச்சுக் குடுக்கணும்."

"உள்ள என்ன இருக்கு?"

அவன் சுவரைக் காட்டினான். பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சிவப்பில் வரைந்து, அந்தந்த இடத்தில் மாட்டியிருந்தார்கள். வரைந்தவர் அவர். எண்ணிக்கை சரியாகாமல் ஒருவரும் கிளம்பக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரே. ஸ்பேனர் வரிசையில் ஓரிடம் வெறும் சிவப்பாக இருந்தது.

"பத்தாம் நம்பர். அண்ணன் கடைசியா வந்த அன்னிக்கு இதுலதான் வேலை பார்த்தாரு. நெஞ்சு எரியுதுன்னு பாதியில கிளம்பிட்டாரு. அது உள்ள விழுந்து கிடந்தா, பறக்கும்போது கிளைடரைத் திருப்புற கம்பியில மாட்டி ஆளையே முடிச்சிரும். அதான் அஞ்சு மாசமா இது தரையில நிக்குது."

"காந்தம் விட்டுப் பார்த்தாச்சு, கண்ணாடி விட்டுப் பார்த்தாச்சு," என்றார் கணக்கு டீச்சர். கிளைடர் பறக்கலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். "உங்க வீட்டுல கேக்கலாம்னு ஒருதரம் சொன்னேன். பையில போட்டுக்கிட்டுப் போற ஆளா அவருன்னு எல்லாரும் என்னை அடிக்காத குறை."

அவள் வலது பைக்குள் கையை விட்டாள். ஸ்பேனர் சில்லென்று இருந்தது. அவர் போன மறு வாரமே கண்டெடுத்துவிட்டாள். இவர்களிடம் இல்லாத ஸ்பேனரா என்று நினைத்து, அங்கேயே விட்டிருந்தாள். கடைசியாக அவர் கை பிடித்த சாமான் வேறு எதுவும் அவளிடம் இல்லை. எடுத்துக் காட்டினால் அதுவும் போகும். போட்ட சட்டத்தை அவரே மீறினார் என்பது இத்தனை பேர் முன்னால் வெளியாகும்.

கொழுந்தன் பிளேடைப் பென்சில் கோட்டின் முனையில் வைத்தான்.

"நிறுத்து தம்பி."

பெஞ்சின் மேல் அதை வைத்தாள். "கோட்டுப் பையில இருந்துச்சு. எனக்குத் தெரியும். நீங்க தேடுறதுதான் தெரியாது."

 கிளைடரைக் கம்பியால் இழுத்து மேலேற்றும் வின்ச்சை ஓட்டுகிற பெரியவர் ஸ்பேனரைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு திருப்புளி காணோம்னு என்னை மூணு மணி நேரம் குனிஞ்சு தேட வச்ச மனுஷன்மா உன் வீட்டுக்காரர்! இடுப்பு இன்னும் நிமிரல!"

முதலில் சிரித்தது டீச்சர். அப்புறம் எல்லாரும். கொழுந்தன் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தான்.

"நீங்களே வச்சுக்குங்க," என்றார் டீச்சர். "பலகைக்கு வேற வாங்கிக்கலாம்."

அவள் ஸ்பேனரைப் பார்த்தாள். "வேண்டாம் டீச்சர். இது வந்தாத்தான் கணக்கு சரியாகும்."

அவளே கொண்டுபோய் மாட்டினாள். சிவப்பு மறைந்தது. ஈரத்துணியால் பென்சில் கோட்டைத் துடைத்தாள். மஞ்சள் துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

"வந்தது வந்துட்டேன். கிழிஞ்சது ஏதாவது இருந்தா எடுங்க."

விமானி உட்காரும் இருக்கையின் உறை இருந்தது. அதைத் தைத்து முடித்துப் பெட்டியை மூடும்போது டீச்சர் பலகைப் பக்கமிருந்து கேட்டார். "ஊசி எத்தனை கொண்டு வந்தீங்க?"

"எட்டு."

"எண்ணுங்க."

மூடியைத் திரும்பத் திறந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.