பதினோராம் படி

கதிரவன் மேல்வானில் சாய, விழுப்புரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் புகைவண்டி வளவனூர்க் கரும்புத் தோட்டங்களின் மேல் தன் கரும்புகையை நீளப் படரவிட்டுப் போக, ஏரிக்கரைக் காற்று அறுவடை முடிந்த வயல்களைத் தடவிக்கொண்டு ஊருக்குள் நுழையும் இளவேனில் மாலையில், திரௌபதியம்மன் கோயில் திடலின் நடுவே தவமரம் தனித்து ஓங்கி நின்றது. நெடும்பனையைச் செதுக்கி இருபத்தொரு படிகள் அறைந்த மரம் அது. தீமிதி விழாவில் பார்த்தன் கோலம் பூண்டவன் படிக்கொரு பாட்டாகப் பாடி உச்சியேறி, சிவபெருமானிடம் படைக்கலம் வேண்டித் தவமிருப்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டின் விழாவுக்கு அப்போது சில நாள்களே இருந்தன.

ஒன்பது ஆண்டுகள் அம்மரத்தில் ஏறியவன் பாண்டுரங்கன். பத்தாம் ஆண்டுப் பயிற்சியின் முதல் மாலையிலேயே பதினோராம் படியில் கால் வழுக்கி விழுந்தான். வலக் கணுக்கால் முறிந்தது. எலும்பு கட்டும் மாசிலாமணி, உளுந்து மாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கிற் பத்தைகள் வைத்து இறுகக் கட்டி, நாற்பது நாள் காலை ஊன்றலாகாது என்று சொல்லிப் போனான். ஊரார் கூடி, பாண்டுரங்கன் மனைவி அஞ்சம்மாளின் தம்பி வேங்கடேசனை அவ்வாண்டு மரமேற அமர்த்தினர்.

அன்று தொட்டுப் பாண்டுரங்கனுக்கு உலகமே பகையாயிற்று. திடலை ஒட்டிய வீட்டில், பலகணியருகே கட்டிலிற் கிடந்தபடி, கட்டிய கட்டை வைதான். கூரையிற் கரைந்த காகத்தை வைதான். கஞ்சி கொணர்ந்த மனைவியையும் வைதான். நலம் உசாவ வந்த அண்டைவீட்டுப் பச்சைமுத்து, "கால் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டதற்கு, "தொங்கிக்கினு கெடக்கு. வேணும்னா நீ எடுத்துக்கினு போ!" என்று சீறினான். பின்பு அவ்வீட்டுப் பக்கம் எவரும் தலைகாட்டவில்லை.

மாலைதோறும் மைத்துனனின் பாட்டு, திடலைக் கடந்து அவன் செவியில் வந்து விழும். பாட்டின் எண்ணிக்கையைக் கொண்டே வேங்கடேசன் எந்தப் படியில் நிற்கிறான் என்று அறிவான் பாண்டுரங்கன். மூச்சு ஏன் தளர்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்: படியில் கால் பதியுமுன்பே வேங்கடேசன் பாட்டைத் தொடங்கிவிடுகிறான், பத்துப் படிக்குள் நெஞ்சு வறண்டு கால் தள்ளாடும். தெரிந்தும் அவன் வாய் திறக்கவில்லை. விழட்டுமே என்று எண்ணினான். அவனை இகழ விரையாதீர், அறிவுடையீர். தான் வளர்த்த வலிமையைப் பிறன் கையிற் கண்டவனின் நெஞ்செரிச்சல் எளிதன்று.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, பதினோராம் பாட்டு நடுவிலேயே அறுந்தது. திடலில் கூச்சல் எழுந்தது. கால் நழுவிய வேங்கடேசன் மேலிருந்த படியைக் கையாற் பற்றித் தொங்கி, அரும்பாடுபட்டு இறங்கினான். கட்டிலிற் கிடந்த பாண்டுரங்கன் சிரித்தான். வாயிலில் நின்ற அஞ்சம்மாள் அச்சிரிப்பைக் கேட்டுவிட்டாள்.

"என் தம்பி உழுந்து செத்தா, உன் காலு கூடிடுமா?" என்றாள். "சொல்லு, கூடிடும்னா நானே போய்த் தள்ளிட்டு வர்றேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இரவும் மறுநாட் பகலும் உண்ணவில்லை. மாலை வந்ததும் பச்சைமுத்துவையும் இன்னும் மூவரையும் அழைத்துவரச் சொல்லி, கட்டிலோடு தன்னைத் திடலுக்குத் தூக்கச் செய்தான்.

"டேய், இறங்குடா!" என்று மரத்தடியிலிருந்து கத்தினான். "காலை வெக்கிறதுக்கு முன்னாடி என்னாடா பாட்டு? கால் உக்காரணும், மூச்சு உள்ள போவணும், அப்புறம்தான் வாயைத் தொறக்கணும்!"

இறங்கி வந்த வேங்கடேசனின் கண்கள் சிவந்தன. "இது தெரிஞ்சிக்கினே இத்தினி நாளா வாயை மூடிக்கினு இருந்தியா மாமா?"

"ஆமாண்டா. வயித்தெரிச்சல். ஏறு!"

இருவரும் அதற்குமேல் ஒரு நல்ல சொல்லும் பேசவில்லை. பயிற்சி மட்டும் இரு மாலையும் நடந்தது.

விழாவன்று வேங்கடேசன் பார்த்தனாய் ஏறினான். ஒவ்வொரு படியிலும் கால் பதிந்தது, மூச்சு நிறைந்தது, பாட்டு பிறந்தது. பதினோராம் படியைக் கடந்து, இருபத்தொன்றையும் ஏறி, உச்சியிலிருந்து அவன் எலுமிச்சங்கனிகளை எறிய, பெண்கள் முந்தானை ஏந்தி ஓடினர். அஞ்சம்மாள் ஓடவில்லை, கணவனையே பார்த்தாள். மரத்தடியில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனின் உடல் வியர்வையில் நனைந்திருந்தது. ஏறியவன் அமைதியாய் நிற்க, உட்கார்ந்திருந்தவனுக்கு மூச்சு இரைத்தது.

"பதினேழுல அவசரப்பட்டான்," என்றான் அவள் முகத்தைப் பாராமல்.

எலும்பு கோணலாகவே கூடியது. பாண்டுரங்கன் மீண்டும் அம்மரம் ஏறவில்லை. அவன் வாயும் திருந்தவில்லை, நெஞ்செரிச்சலும் முற்றும் தணியவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் எவன் ஏறினாலும், அவன் கால் பதினோராம் படியில் பதியும் வரை, கீழே அமர்ந்திருந்த அந்த ஒருவனின் மூச்சு நின்றே இருந்தது.