ஒரு நம்பர் குறைத்து

ஒரு போன் வாங்குவதா, பொறுப்பதா என்பதில் ஒரு மனிதன் இவ்வளவு குழம்புவானா என்று கேட்டால், குழம்புவான். கலரை ஒரு வாரம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இந்தக் கேள்வியே கேட்க மாட்டார்கள்.

கலர் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. பீங்கான் பல் செய்யும் லேபில் பதினொரு வருஷமாகப் பல்லுக்கு நிறம் தீட்டுவது அவன் வேலை. கிளினிக்கிலிருந்து வருகிறவர்கள் "கலர் இருக்காரா?" என்று கேட்டால், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயிண்ட் டப்பாவைத் தேடுவார்கள்.

பல்லின் நிறத்துக்கு நம்பர் உண்டு. ஒன்று என்றால் பளிச்சென்ற வெள்ளை. நம்பர் ஏற ஏறப் பழுப்பு. லேபில் மற்றவர்கள் நம்பர் போட்ட மாதிரிப் பல்லை நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள். கலருக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல்; மாதிரி இல்லாமல் பல்லை மட்டும் படம் எடுத்தாலே போதும். அவனுடைய பழைய போன் எதை எடுத்தாலும் லேசாக மஞ்சள் பூசித்தான் காட்டும். ஆறு வருஷத்தில் அதன் குணம் அவனுக்கு அத்துப்படி. படத்தில் மூன்று தெரிந்தால், ஒரு நம்பர் குறைத்து இரண்டாகச் செய்வான். கச்சிதமாகப் பொருந்தும். "இது பொய் சொல்லும். ஆனா தெனமும் ஒரே பொய்யத்தான் சொல்லும்" என்று பீற்றிக்கொள்வான்.

அந்தப் போனுக்கு இப்போது வயிறு உப்பிவிட்டது. பேட்டரி வீங்கி, பின்மூடி வாயைப் பிளந்து நின்றது. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தான். இஷ்டம் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். அதே கம்பெனியின் புது மாடல் வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறது என்று தெருவுக்குத் தெரு விளம்பரம்.

சும்மா இருந்த நேரமாக இருந்தால் ரப்பர் பேண்டை மாற்றிவிட்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருப்பான். ஆனால் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து, முன்பல் பாதி போயிருந்தது. பதினாறு வருஷம் வீட்டையும் பிள்ளையையும் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு இப்போதுதான் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணி. வரவேற்பு மேசையில் பாதி வேலை சிரிப்பதுதான். அக்காவோ வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசவே செய்தாள்.

"திங்கக்கெழமைக்குள்ள முடியுமாடா?" என்று விரலிடுக்கு வழியாகக் கேட்டாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் ரப்பர் பேண்ட் ஞாபகத்துக்கு வந்தது.

மனைவியிடம் கேட்டான். "மொத நாளே போய் நிக்கிறவங்கள வெச்சுதாங்க கம்பெனிக்காரன் சோதிச்சே பாக்குறான். ரெண்டு மாசம் பொறுங்க, குறையெல்லாம் வெளிய வரட்டும்" என்றாள். ரொம்ப சரி என்று பட்டது.

அவளுடைய தம்பி போன் கடையில் இருக்கிறான். அவனிடம் கேட்டான். "மாமா, இத விட்டா அடுத்த சரக்கு எப்ப வரும்னு எனக்கே தெரியாது. உங்க போன் நாளைக்கு உசுரோட இருக்கும்னு எழுதித் தருவீங்களா?" என்றான். அதுவும் ரொம்ப சரி என்று பட்டது.

சரி, விஷயம் தெரிந்தவர்களைக் கேட்போம் என்று வீடியோ பார்த்தான். ஒருத்தர் உடனே வாங்குங்கள் என்று அடித்துச் சொன்னார். அடுத்த வீடியோவில் அவசரப்படாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார் இன்னொருத்தர். உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள், சட்டைதான் வேறு. கலர் தலையைப் பிய்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் பழைய போன் அணைந்து, இருபது நிமிஷம் கழித்துத்தான் கண் திறந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கடைக்குப் போனான். வெளியே வரும்போது கையில் புதுப்பெட்டி இருந்தது. பழசு, மாற்றிக்கொள்ளும் சலுகையில் மச்சானின் மேசைத் தட்டில் கிடந்தது. நடுவில் என்ன நடந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை காலை அக்காவின் பற்களைப் படம் எடுத்தான். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது; அசந்துபோனான். படத்தில் உடையாத பக்கத்துப் பல்லின் நிறம் இரண்டு. பகல் முழுக்க உட்கார்ந்து பல்லைச் செய்தான். ஆறு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? ஒரு நம்பர் குறைத்து, ஒன்றாகச் செய்து வைத்தது.

ஞாயிறு காலை கிளினிக்கில் டாக்டரம்மா அதை மாட்டிப் பார்த்தார். பார்த்தவர் ஒரு அடி பின்னால் போனார்.

"என்ன கலர், ட்யூப் லைட் மாட்டியிருக்கீங்க?"

அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கை மெதுவாக வாய்க்குப் போய்விட்டது. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

பதறிப்போய்ப் போனை எடுத்து ஒரு படம் எடுத்தான். "டாக்டர், இதப் பாருங்க. போட்டோல எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு!"

"நான் என்ன போட்டோவுக்குள்ளயாடா வேலைக்குப் போகப்போறேன்?" என்றாள் அக்கா கையை எடுக்காமலே.

டாக்டரம்மா போனை வாங்கி நோண்டினார். முகத்துக்குப் பொலிவு கூட்டும் வசதி கடையிலிருந்து வரும்போதே போட்டு வந்திருந்தது. பல் தெரிந்தாலே அது பாட்டுக்கு வெளுத்துவிடும் போலிருக்கிறது. அதை அணைத்துவிட்டு எடுத்தால் மூன்று தெரிந்தது. இது நிஜ மூன்றா, புதுப் போனின் மூன்றா? குறைப்பதா, கூட்டுவதா, அப்படியே விடுவதா? மச்சானைக் கூப்பிட்டுப் பழைய போனைக் கேட்டான்.

"அது காலையிலயே வண்டி ஏறிடுச்சு மாமா. கவலைப்படாதீங்க, ரெண்டு வாரத்துல அப்டேட் வருது, எல்லாம் சரியாயிடும்."

ரெண்டு வாரம்! இன்டர்வியூ நாளைக்கு. கலருக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா ட்யூப் லைட்டைக் கழற்றிவிட்டார். அக்கா அவனைக் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போனாள். மாதிரிப் பற்களின் வரிசையை அவளே எடுத்து, இரண்டு கையாலும் தன் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "அந்த சனியனக் கீழ வெச்சுட்டு என்னப் பாருடா."

பார்த்தான். இரண்டாம் நம்பர் பொருந்தியது. மூன்றும் பொருந்தியது. மறுபடி இரண்டைப் பார்த்தான், மறுபடி மூன்றை. இத்தனை வருஷம் மஞ்சள் படத்தையே பார்த்துப் பார்த்து, கண் கெட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருந்தது.

"ரெண்டும் சரியாத்தான் இருக்குக்கா."

"ஏதாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலை."

"சத்தியமா தெரியலக்கா."

"அடப்பாவி, என் தம்பி கலர் பாக்குறதுல கில்லாடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா!" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தே விட்டாள். இரண்டு கையும் மாதிரிகளைப் பிடித்திருந்ததால் பொத்திக்கொள்ளக் கை இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது.

"அசையாத! அப்படியே சிரிச்சுக்கிட்டே இரு!"

பல் ஈறோடு சேரும் இடத்தில் மூன்று. கீழே வர வர வெளுத்து, நுனியில் இரண்டு. இரண்டும் சரிதான். எல்லோருடைய பல்லும் அப்படித்தான் இருக்கும், இது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே படித்த பாடம். ஒரே ஒரு நம்பரைத் தேடிக்கொண்டு அதை மறந்திருக்கிறான், கழுதை.

நல்லவேளையாக, வெள்ளைப் பல்லில் பழுப்புச் சாயம் ஏற்றலாம். பழுப்பாகச் செய்துவிட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது. அன்றே லேபைத் திறந்து, மேலே மூன்றும் கீழே இரண்டுமாகத் தீட்டி, சூளையில் வைத்து எடுத்தான். போனை வெளியே எடுக்கவே இல்லை.

திங்கள் காலை எட்டரைக்கு டாக்டரம்மா பல்லை ஒட்டி முடித்தார். அக்கா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் முன்னால் வந்து நின்று பல்லைக் காட்டினாள்.

"எங்க, இதுல எது நீ செஞ்சது?"

இடப்பக்கத்துப் பல் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் எதிரே நிற்கிறவளுக்கு இடம் எது, தனக்கு இடம் எது? பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று கிட்டப் போனான். பார்த்தும் தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பாக விரலை நீட்டினான்.

"இதுதான்."

"அது என் சொந்தப் பல்லுடா, மடையா!"

வாரம் பூராவும் குழம்பியவனுக்கு இந்த ஒரு குழப்பம் மட்டும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மணியாகிவிட்டது என்று அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் யாரோ எந்த பஸ் என்று கேட்க, நின்று பதில் சொன்னாள். கலர் கிளினிக் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கை கைப்பையின் மேலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.